உஷார்! சாம்பிள் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கண்டம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஹோட்டலோ மெஸ்ஸோ வண்டிக்கடையோ வைத்திருக்கிறீர்களா? கோயிலிலும் மைசூரு சாலையிலும் கூட்டம் நெரிகிற நாளில் வாடிக்கையாளர்களோடு உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் வரலாம். சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

2024-இல் கர்நாடக அரசு 171 கோபி மஞ்சூரியன் சாம்பிள்களைச் சோதித்ததில் 107 தேறவில்லை. பஞ்சு மிட்டாயில் 25-க்கு 15. மார்ச் 11 அன்று அவற்றில் செயற்கை நிறங்களுக்குத் தடை வந்தது, ஜூனில் கபாபுக்கும். மீறினால் 7 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும் என்று எச்சரித்தார் அமைச்சர் தினேஷ் குண்டு ராவ். "ஒரு சிட்டிகை கலர்தானே முதலாளி" என்பார் மாஸ்டர். நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும்.

லைசென்ஸைச் சுவரில் மாட்டுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைச் சான்று, வேலையாட்களின் மருத்துவச் சான்று, இரண்டிலும் தேதி தாண்டாமல் பாருங்கள். அதிகாரி வரக்கூடும் என்று தகவல் கசிந்த இரவில் உட்கார்ந்து பதிவேடு எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆறு மாதக் கணக்கு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். கரண்ட் போன நாளிலும் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி! அதிகாரிகள் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள்.

மிளகாய்த்தூளைப் பில் இல்லாமல் வாங்குகிறீர்களா? சட்டப்படி, விற்றவர் தரும் பில்லே சரக்குக்கு அவர் தரும் உத்தரவாதம். தூளிலேயே கலப்படம் இருந்தது என்று தெரியவந்தால், பில் இல்லாதவர் யாரைக் கைகாட்டுவார்?

இனி சாம்பிளுக்கு வருவோம். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். எடுக்கிற பொருளுக்கு அதிகாரி விலை கொடுக்க வேண்டும். அதை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் சீல் வைத்து, உங்கள் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பங்கு அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு மாவட்டத்தின் நியமன அலுவலருக்கு (Designated Officer). நான்காவது பங்கு, நீங்கள் கேட்டால் மட்டுமே, அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்குப் போகும். இரண்டு முடிவும் முரண்பட்டால் மேல் ஆய்வகம் சொல்வதே இறுதி. இந்த நான்காவது பங்கைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பதற்றத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிகாரிக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அறிக்கை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு உங்களுக்கு இருப்பது 30 நாள். அறிக்கை கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று அதை மேஜை டிராயரில் போடாதீர்கள். வருமான வரி பார்க்கிற ஆடிட்டருக்கு இதில் என்ன வேலை? தெரிந்த ஆள் மூலம் "பேசி முடித்துவிடலாம்" என்று வருகிற தரகரிடம் போனால் அந்த முப்பது நாளும் பேச்சிலேயே கரையும்.

மைசூரு கூப்பிடு தூரம்தான், ஆனால் நம் தாலுகா மண்டியா மாவட்டம். முறையீடு மண்டியாவில் உள்ள நியமன அலுவலரிடம் போக வேண்டும். மைசூருவுக்கு அலைந்து நாளை வீணாக்காதீர்கள்.

இன்று கடை மூடுமுன் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். கலர் டப்பா இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். கல்லாவில் உட்காரும் பையனுக்கும் நான்காவது பங்கைப் பற்றிச் சொல்லிவையுங்கள். அதிகாரி வரும்போது நீங்கள் கடையில் இல்லாமல் போகலாம்.