டெல்லியில் புறப்பட்டு கலசப்பாக்கம் வரை... ஒரு ரூபாயின் பயணம்!



தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. இருட்டியதும் தெருவிளக்கு எரிகிறது. காலையில் விசில் ஊதிக்கொண்டு குப்பை வண்டி வருகிறது. இதற்கெல்லாம் பணம் கொடுப்பது யார்?

"பஞ்சாயத்து!" என்று டக்கென்று சொல்லிவிடுவீர்கள்.

சரிதான். அந்தப் பஞ்சாயத்துக்குப் பணம் கொடுப்பது யார்? அதைச் சரியாகச் செலவழிக்கிறதா என்று பார்ப்பது யார்? இதற்குப் பதில் தேடினால், டெல்லி வரை போக வேண்டியிருக்கும். வாருங்கள், போய் வருவோம்!

மூன்று படிகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கும் ஊர் கலசப்பாக்கம். பட்டுச் சேலைக்குப் பேர் போன ஆரணியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆரணியை நிர்வகிப்பது நகராட்சி. கலசப்பாக்கத்தில் இருப்பதோ கிராம ஊராட்சி.

சுற்றியுள்ள பல கிராம ஊராட்சிகளைச் சேர்த்து ஒரு குடும்பம்போல ஆக்கினால், அதுதான் ஊராட்சி ஒன்றியம். கலசப்பாக்கமும் ஓர் ஒன்றியத்தின் தலைமையிடம். 'பி.டி.ஓ. ஆபீஸ்' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த வட்டார வளர்ச்சி அலுவலகம் ஒன்றியத்துக்கு உரியது. இப்படி 18 ஒன்றியங்கள் சேர்ந்தது திருவண்ணாமலை மாவட்ட ஊராட்சி.

ஆக, கிராமம், ஒன்றியம், மாவட்டம் என்று மூன்று படிகள். மூன்றுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதைக் கட்டாயமாக்கியது. அது நடைமுறைக்கு வந்த நாள், 1993 ஏப்ரல் 24. அதனால்தான் ஏப்ரல் 24-ஐத் தேசிய பஞ்சாயத்து ராஜ் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

உண்டியல் ஏன் நிரம்பவில்லை?

ஊராட்சிக்குச் சொந்த வருமானம் உண்டு. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் என்று வசூலிக்கலாம். ஆனால், ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் நிறைந்த ஊரில் வீட்டு வரி எவ்வளவு வந்துவிடும்? மேல்நிலைத் தொட்டி கட்டவும், மோட்டார் பழுது பார்க்கவும், சாலை போடவும் அது போதாது.

பெரிய வரிகளெல்லாம் எங்கே போகின்றன? வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. நீங்கள் வாங்கும் பிஸ்கட்டிலும் பென்சில் பாக்ஸிலும் ஒளிந்திருக்கும் ஜி.எஸ்.டி., மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. வேலை கிராமத்தில், பணம் டெல்லியிலும் சென்னையிலும்! அப்படியென்றால், அங்கிருந்து பணம் இறங்கி வந்தாக வேண்டும் அல்லவா?

இந்தச் சிக்கலை முன்பே ஆராய்ந்தவர்களில் ஒரு தமிழரும் உண்டு. அவர் கே. சந்தானம். இந்தியாவின் இரண்டாவது நிதிக்குழுவின் தலைவராக இருந்தவர். 1963-இல் ஊராட்சிகளின் நிதி நிலையை ஆராய்ந்த குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

பங்கு பிரிக்கும் குழு

அது என்ன நிதிக்குழு? வீட்டில் ஒரு பலாப்பழம் வாங்கினால், யாருக்கு எத்தனை சுளை என்று பாட்டி பிரித்துக் கொடுப்பார் இல்லையா? நாட்டின் வரிப் பணத்துக்கு அந்த வேலையைச் செய்வது நிதிக்குழு. பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் இதை அமைப்பார்.

முதலில் மாநிலங்களுக்கு மட்டும்தான் பங்கு பிரித்தார்கள். 1995 முதல் 2000 வரையிலான காலத்துக்கு வந்த பத்தாவது நிதிக்குழுதான், ஊராட்சிகளுக்கும் தனியாக மானியம் தரச் சொன்னது. எவ்வளவு தெரியுமா? 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி, கிராமத்தில் இருக்கும் தலைக்கு 100 ரூபாய்! 3,000 பேர் இருந்த ஊருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று லட்சம் ரூபாய்தான்.

அதன்பின் தொகை வளர்ந்துகொண்டே போனது. சி. ரங்கராஜன் தலைமையிலான 12-ஆவது நிதிக்குழு, 2005 முதல் 2010 வரை நாடு முழுவதும் உள்ள ஊராட்சிகளுக்கு 20,000 கோடி ரூபாய் தரச் சொன்னது. 14-ஆவது நிதிக்குழு, 2015 முதல் 2020 வரை இரண்டு லட்சம் கோடிக்கும் மேல்! என்.கே. சிங் தலைமையிலான 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை 2,36,805 கோடி ரூபாய் தரச் சொன்னது.

மாநில அரசும் தன் வரி வருமானத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும். எவ்வளவு தரலாம் என்று சொல்வதற்கு மாநில நிதிக்குழு என்று தனியாக ஒன்று உண்டு.

ரூபாய் கிளம்புகிறது

இப்போது நம் ரூபாயின் பின்னால் போவோம். டெல்லியில் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் என்று ஒன்று இருக்கிறது. அது 2004-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் அமைச்சர், மயிலாடுதுறை எம்.பி.யாக இருந்த மணிசங்கர் அய்யர்.

இந்த அமைச்சகம் பரிந்துரை செய்ததும், நிதி அமைச்சகம் பணத்தை விடுவிக்கும். ஆண்டுக்கு இரண்டு தவணை. பணம் நேராகக் கலசப்பாக்கத்துக்கு வராது. முதலில் தமிழக அரசின் கருவூலத்துக்கு வரும். அங்கே தூங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்தார்கள். பத்து வேலை நாட்களுக்குள் உள்ளாட்சிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதமானால், மாநில அரசு வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்!

கடைசியில் பணம் ஊராட்சியின் கணக்குக்கு வந்து சேரும். உடனே தலைவர் விருப்பம்போல எடுத்துச் செலவழித்துவிட முடியாது. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். இரண்டு சாவி போட்டால்தான் திறக்கும் பெட்டி மாதிரி!

நூறு ரூபாயில் அறுபது...

கொடுத்த பணத்தில் என்ன வாங்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்புவது உண்டல்லவா? மத்திய அரசும் அப்படித்தான் செய்கிறது.

2021 முதல் 2026 வரையிலான விதியைப் பாருங்கள். ஊராட்சிக்கு 100 ரூபாய் வந்தால், 30 ரூபாயைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்குச் செலவழிக்க வேண்டும். இன்னொரு 30 ரூபாயைச் சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும். மீதி 40 ரூபாயை ஊருக்குத் தேவையான வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஆனால், சம்பளம் கொடுக்கவோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது.

கணக்கும் காட்ட வேண்டும். சென்ற ஆண்டின் கணக்கையும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். போடவில்லை என்றால் மானியம் கிடையாது. இதற்காகவே 2020 ஏப்ரல் 24 அன்று 'இ-கிராம் ஸ்வராஜ்' என்ற இணையதளம் தொடங்கப்பட்டது.

தறியில் பாவு மட்டும் இருந்தால் சேலை ஆகாது, ஊடையும் வேண்டும். ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஊராட்சிக்குப் பணம் பாவு என்றால், கணக்கு ஊடை!

பணம் நின்று போன கதை

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதுதான் மிக முக்கியமானது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால்?

தமிழ்நாட்டில் அப்படி நடந்தது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அந்த மாதமே புதிய தேர்தல் நடப்பதாக இருந்தது. ஆனால், இட ஒதுக்கீட்டு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது.

பிறகு வார்டுகளைப் பிரிக்கும் வேலை, வழக்குகள், புதிய மாவட்டங்கள் என்று நாட்கள் ஓடின. தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் இல்லாத ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அதாவது, அரசு அதிகாரிகள்.

"தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையே! பிறகு யாரிடம் பணம் கொடுப்பது?" என்று மத்திய அரசு கேட்டது. நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. தமிழக அரசு பணத்தை விடுவிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். தேர்தல் தள்ளிப் போனதற்குக் கிராமத்துப் பிள்ளைகள் காரணமா? இல்லை. ஆனால், குழாய்க்கும் விளக்குக்கும் வர வேண்டிய பணம்தான் நின்றது.

கடைசியில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. திருவண்ணாமலை மாவட்டமும் அதில் ஒன்று. கலசப்பாக்கம் மக்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது.

2019-இல் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அப்போதும் உடனே தேர்தல் வரவில்லை. மறுபடி தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.

இது சரியா, தவறா?

இப்போது ஒரு பட்டிமன்றம் வைக்கலாமா?

"நிபந்தனை வேண்டும்" என்பவர்கள் சொல்வது: இது மக்கள் வரிப்பணம். கேள்வி கேட்க யாரும் இல்லாவிட்டால் வீணாகும். பணம் நின்றுவிடும் என்ற பயம் இருந்தால்தான் தேர்தலும் தணிக்கையும் நேரத்துக்கு நடக்கும்.

"இவ்வளவு நிபந்தனை வேண்டாம்" என்பவர்கள் சொல்வது: எங்கள் ஊரில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது. எங்களுக்குத் தேவை ஒரு சிறு பாலம். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று எப்படி முடிவு செய்யலாம்? மாநில அரசு செய்த தாமதத்துக்குக் கிராமத்தைத் தண்டிக்கலாமா?

இரண்டிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா? உங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்களேன்!

பக்கத்தில் இருக்கும் கண்

டெல்லியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? தொட்டி கட்டியதாகக் கணக்கில் எழுதியிருக்கலாம். தொட்டி உண்மையிலேயே இருக்கிறதா என்று ஊர்க்காரர்களுக்குத்தானே தெரியும்? அதற்குத்தான் கிராம சபை.

ஊரின் வாக்காளர்கள் எல்லோரும் இதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் என்று வைத்தார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே படித்துக் காட்ட வேண்டும்.

'நூறு நாள் வேலை' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006 பிப்ரவரி 2 அன்று அந்தத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் தேர்வான ஆறு மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. வேலை செய்தவர்களின் கூலியை மத்திய அரசு கொடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் 'சமூகத் தணிக்கை'யும் அந்தச் சட்டத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கூலியில் மாநிலங்களும் பங்கு போட வேண்டும் என்பது அதில் வந்த பெரிய மாற்றங்களுள் ஒன்று.

* * *

அந்தக் காலத்திலேயே!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் இருக்கின்றன.

30 குடும்புகளாக ஊரைப் பிரித்தார்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதுதான் குடவோலை! ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி போட்டிக்கு வர முடியாது. அவர்களின் நெருங்கிய உறவினர்களும் வர முடியாது! இந்த விதிகளைச் சபை முடிவு செய்தபோது, அரசனின் அதிகாரி ஒருவரும் கூடவே உட்கார்ந்திருந்தார். மேற்பார்வை அப்போதே இருந்திருக்கிறது, பார்த்தீர்களா?

அயல்நாட்டில்...

இங்கிலாந்தின் பெரிய மாநகராட்சிகளில் ஒன்று பர்மிங்காம். "வரவுக்குள் செலவு செய்ய முடியவில்லை" என்று 2023 செப்டம்பரில் அது அறிவித்தது. அடுத்த மாதமே மத்திய அரசு ஆணையர்களை அனுப்பி நிர்வாகத்தைக் கவனிக்கச் சொன்னது. பணக்கார நாட்டிலும் இந்தத் தலைவலி உண்டு!

* * *

நீங்கள் என்ன செய்யலாம்?

கிராம சபையில் ஓட்டுரிமை உள்ளவர்கள்தான் உறுப்பினர்கள். அதனால் என்ன? அம்மா, அப்பாவுடன் போய் உட்கார்ந்து கவனிக்கலாமே! நகரத்தில் இருப்பவர்கள், "நம்ம வார்டு கவுன்சிலர் யார்?" என்று வீட்டில் கேளுங்கள்.

புதிதாகக் கட்டிய தொட்டி, சாலை, கழிப்பிடம் ஆகியவற்றின் அருகே ஒரு பலகை இருக்கும். திட்டத்தின் பெயர், தொகை, ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பலகையைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தொகையை ஊர் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு எத்தனை ரூபாய் என்று தெரிந்துவிடும். அதில் ஒரு பங்கு உங்களுடையது!

பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்:
1. தேசிய பஞ்சாயத்து ராஜ் தினம் எது?
2. பத்தாவது நிதிக்குழு தலைக்கு எத்தனை ரூபாய் தரச் சொன்னது?
3. குடவோலையைக் குடத்திலிருந்து எடுத்தது யார்?

விடைகள்: 1. ஏப்ரல் 24. 2. நூறு ரூபாய். 3. ஒரு சிறுவன்.