அப்பா வழிக் கணக்கு

நாவலூர் டீக்கடைகளில் பரங்கிமலை, பல்லாவரம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அப்பா வெள்ளைக்காரர், அம்மா நம்மூர், பாதிக்குப் பாதி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நம்மில் பலர் நினைத்திருப்பதும் அதுதான். டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே, 1520-களில், சாந்தோமில் குடியேறிய போர்ச்சுக்கீசியர் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். பின்னால் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் முதலில் இதை விரும்பியது. கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணக்கட்டும், பிறக்கும் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்று 1687-ல் லண்டன் இயக்குநர்கள் சென்னைக்கு எழுதினார்கள். நூறு வருஷத்தில் மனம் மாறிவிட்டது. 1791-ல் இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குத் தன் நிர்வாக, ராணுவப் பதவிகளைக் கம்பெனி மூடியது. வரவேற்றுப் பெற்ற பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய கொடுமை அது.

அதன்பின் ரயில்வே, தபால், தந்தி, சுங்கம் என்று பிழைப்பைத் தேடிக்கொண்ட இவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஆகவே இன்றைய பரங்கிமலை ஆங்கிலோ-இந்தியர் ஒருவரின் தாய், தந்தை இருவருமே பல சமயம் ஆங்கிலோ-இந்தியராகத்தான் இருப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த மூதாதை ஆறேழு தலைமுறைக்கு அப்பால் இருக்கலாம். அவர் ஆங்கிலேயராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அப்படியானால் யார் ஆங்கிலோ-இந்தியர்? அரசியல் சட்டத்தின் 366-வது பிரிவு சொல்கிறது: தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியாக இருக்க வேண்டும், பிறந்ததும் இந்தியாவில், இங்கேயே நிலையாக வாழும் பெற்றோருக்கு. எத்தனை பங்கு ரத்தம், என்ன நிறம் என்ற பேச்சே அதில் இல்லை. நம் இனிஷியல் மாதிரிதான். பாட்டியின் சாயல் முகத்தில் அப்படியே இருந்தாலும், எழுத்து அப்பாவிடமிருந்துதான் வருகிறது. அதனால் ஆங்கிலோ-இந்தியத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்த குழந்தை, தாயோடு ஒரே வீட்டில் அதே மொழி பேசி, அதே கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டு வளர்ந்தாலும், சட்டத்தின் கணக்கில் சேராது. இது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். 'மெஸ்டிசோ' என்றதும் நமக்கு ஸ்பானியக் கலப்பு நினைவுக்கு வரும். ஆனால் அங்கே அந்தப் பெயரில் தனியாக வரி கட்டியவர்கள் சீனத் தந்தைக்கும் உள்ளூர்த் தாய்க்கும் பிறந்த வழியினர். மெஸ்டிசோ ஆண் யாரை மணந்தாலும் பிள்ளைகள் மெஸ்டிசோ. மெஸ்டிசோ பெண் உள்ளூர்க்காரரை மணந்தால், அவளும் பிள்ளைகளும் அந்தப் பதிவேட்டிலிருந்து வெளியே.

அந்த நாட்டோடு நமக்கும் ஒரு உறவு உண்டு. 1762-ல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயப் படை புறப்பட்டதே சென்னையிலிருந்துதான். போன இந்தியச் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல், மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கி, அந்த ஊர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் வழியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தந்தைவழிக் கணக்கு மட்டும்தான் செல்லும் என்றால், இரண்டரை நூற்றாண்டாகத் தகாலோக் பேசி வாழும் அவர்களை நாம் சென்னைப் பட்டாளத்துக்காரர்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.