மிஸ்ஸிங் அடிக்கும் பழைய காரும், 'மாத்திப் பார்த்த' பில்லும்

பதினைந்து வருடம் ஓடிய மாருதி 800, சான்ட்ரோ, வேகன்-ஆர் என்று ஏதோ ஒரு பெட்ரோல் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, "வண்டி மிஸ் ஆகுது, பிக்கப்பே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். "பிளக் மாத்திப் பார்த்துடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். சரியாகவில்லையா, அடுத்து காயில். அதற்கும் மசியவில்லை என்றால் ஃப்யூல் பம்ப். கடைசியில் "இஞ்சின் வேலை இருக்கும் போல". இதில் கோளாறுக்குச் சம்பந்தமே இல்லாத பாகங்களுக்கும் நீங்கள்தான் பணம் கட்டியிருப்பீர்கள். எந்தச் சோதனை செய்து, எதைக் கண்டு இந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முதலில், மிஸ்ஸிங்கும் இழுவைக் குறைவும் ஒன்றல்ல. மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. 800-க்கு மூன்றே சிலிண்டர். ஒன்று படுத்துவிட்டால் ஸ்டியரிங் வரைக்கும் உதறும். உதறலே இல்லாமல் வண்டி மந்தமாக மட்டும் போனால் இஞ்சினைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறவில்லையா, அது கிளட்ச் ஸ்லிப். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் அனல் அடிக்கிறதா, அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

உண்மையிலேயே மிஸ்ஸிங்தான் என்றால், எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். இஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, இஞ்செக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். வேலை செய்யும் சிலிண்டருடையதைக் கழற்றினால் சத்தம் மாறி இஞ்சின் தள்ளாடும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் படுத்த சிலிண்டர். (ஓடும் இஞ்சினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கிப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் இடம் அது, நீங்கள் முயல வேண்டாம்.) பிறகு அந்தச் சிலிண்டரின் பிளக்கை அடுத்ததற்கு மாற்றிப் போட வேண்டும். மிஸ்ஸிங் கூடவே இடம் மாறினால் குற்றவாளி பிளக். மாறாவிட்டால் ஒயர், காயில், இஞ்செக்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம். இதற்குப் புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கழற்றிய பிளக்கை வாங்கி நீங்களே பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நலம். விளக்குக் கரி போல் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பிசுபிசுவென்று ஆயில் படிந்திருந்தால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஆயில் உள்ளே ஏறுகிறது. அதற்குப் புது பிளக் சில வாரம்தான் தாங்கும். வெளுத்துக் கிடந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. மழை நாளில் மட்டும் மிஸ் ஆகிறதென்றால் இரவில் பானெட்டைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஒயரில் நீலப்பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கேஸ் கிட் போட்ட வண்டி பெட்ரோலில் ஒழுங்காக ஓடி எல்பிஜியில் மட்டும் திணறினால் முதலில் கிட்டைச் சந்தேகப்படலாம்.

ஸ்கேனர் எல்லாம் சொல்லிவிடும் என்று நம்ப வேண்டாம். இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்குப் பிந்தைய வண்டியில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றல்ல, பரவலான மிஸ்ஸிங். முந்தைய வண்டிகளில் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. கோட் காட்டுவதும் இடத்தைத்தான், காரணத்தை அல்ல.

இழுவை மட்டும் குறைந்திருந்தால் ஏர் ஃபில்டர், திராட்டில் பாடி, ஃப்யூல் ஃபில்டர் என்று விலை குறைந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை. பம்ப்பை மாற்றுமுன் கேஜ் மாட்டி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். "இஞ்சின் வேலை" என்ற சொல் வந்ததும் கம்ப்ரஷன் டெஸ்ட் எண்களைக் கேளுங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது மாருதி போன்ற வண்டிகளின் சர்வீஸ் கணக்கு. எண் சொல்லாமல் இஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

மிஸ்ஸிங்கோடு மாதக் கணக்கில் ஓட்டுவதில் உள்ள ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். ஓபிடி-2 வண்டியில் செக் இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அதற்கான எச்சரிக்கை அது. ஓரம் கட்டுங்கள், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள்.

இதே கன்வெர்ட்டரை வைத்து ஒரு வியாபாரமும் நடக்கிறது. "அடைச்சுப்போச்சு சார், எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்று கழற்றி, வெறும் குழாயை வெல்டிங் வைத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை. உங்களுக்கு மிஞ்சுவது புகைச் சோதனையில் தோல்வியும், 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது தலைவலியும்தான். வண்டி மாசுத் தரத்தை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடமளிக்கிறது. கழற்றிய பாகம் எதுவானாலும் அது உங்கள் சொத்து. வண்டியை விடும்போதே "பழைய பார்ட்ஸ் எல்லாம் வேணும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

இப்போது எந்தக் கோளாறு வந்தாலும் பழி எத்தனால் மேல் விழுகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு ஏற்றபடி சரிசெய்த கார்களில் 20 சதவீதக் கலப்பு மைலேஜை 6 முதல் 7 சதவீதம் குறைக்கும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்கள் நாளடைவில் கெடவும் கூடும். ஆனால் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துக்கொள்வதற்கு எத்தனாலைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோல் போட்டுச் சில கிலோமீட்டரிலேயே வண்டி திணறி நின்றால் கதை வேறு, தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் எடுத்து வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். மெக்கானிக்கையே எடுக்கச் சொல்லிப் படம் பிடித்து, பங்க் பில்லோடு எண்ணெய் நிறுவனத்துக்குப் புகார் அனுப்புங்கள். எண் பங்க்கிலேயே எழுதியிருக்கும். ஃபில்டர் பேப்பர் சோதனை, அடர்த்தி, 5 லிட்டர் அளவை மூன்றையும் பங்க்கில் கேட்டுப் பெறலாம்.

தகராறு வந்துவிட்டால்? "பில் இல்லாட்டி ஜிஎஸ்டி மிச்சம் சார்" என்ற சலுகையை ஏற்றிருந்தால் உங்கள் கையில் ஆதாரம் குறைவு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. தெரிந்தே தகவலை மறைப்பது சேவைக் குறைபாடு. கூடுதல் வேலை என்றால் வாட்ஸாப்பில் கேட்டு, நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். செய்த வேலைக்கான கூலி தரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு மெக்கானிக்குக் கைகொடுக்கிறது. அதனால் வாசலில் நின்று சண்டை போடுவதைவிட, பில்லில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணம் கட்டி வண்டியை எடுத்துவிடுவது நல்லது. அன்றைக்கே வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, என்ன கோளாறு, எது தேவையில்லாமல் மாற்றப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதில் தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஒர்க்‌ஷாப் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஜாப் கார்டு, பில், இரண்டாவது மெக்கானிக்கின் குறிப்பு ஆகியவற்றின் நகலை மனுவோடு இணையுங்கள். அந்தப் பழைய பிளக்குகளை மட்டும் துடைத்துவிடாமல், கழற்றிய நிலையிலேயே ஒரு கவரில் போட்டு வையுங்கள்.