ஏவலும் கிளத்தலும்: கணினிச் சூழலைப் பேணும் ஒரு நெறி

கணினியை நெடுநாட் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் கைக்கு இசையத் திருத்திக்கொள்வர். எழுத்தின் அளவு, திரையின் நிறம், விசைப்பலகையின் ஒழுங்கு, நீண்ட ஆணைகளுக்கு இட்ட குறுக்கப் பெயர்கள் என அத்திருத்தங்கள் பெருகிச் செல்லும். அவை ஒரே நாளிற் செய்யப்படுவனவல்ல. ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாகச் செய்யப்பட்டு, செய்தவராலேயே மறக்கப்படுவன. வன்தட்டுப் பழுதுற்றுப் புதிய கணினியின் முன் அமரும் அன்றே, இழந்தது யாதென அவர் உணர்வர். உணர்ந்தும் பயனில்லை, செய்தவை யாவையென எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

யுனிக்ஸ் மரபிலே இத்திருத்தங்கள் பெரும்பாலும் பயனரின் இல்ல அடைவில், புள்ளியை முதலாகக் கொண்ட பெயருடைய கோப்புகளில் உறையும். அடைவினைப் பட்டியலிடுங்கால் இவை கண்ணிற் படா. இம்மறைவு திட்டமிட்டு எழுந்ததன்று என்பர் யுனிக்ஸ் ஆக்கத்திற் பங்குகொண்ட ராப் பைக். ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியுமாகிய இரு பதிவுகளை மட்டும் மறைக்க விரும்பியோர், முதலெழுத்துப் புள்ளியா என்று பார்ப்பதோடு அமைந்தனர்; அச்சோம்பல் பின்னர் வழக்காயிற்று என்பது அவர் கூற்று. பயனரின் ஆணைகளை ஏற்று இயங்குதளத்துக்கு உணர்த்தும் ஷெல் என்னும் செயலியும் இத்தகைய கோப்பினைப் படித்தே தன்னை ஒழுங்குசெய்துகொள்ளும். 1989 இல் வெளிவந்த பேஷ் என்பது அவ்வகையிற் பரவலாக வழங்குவது.

இனி, ஒரு சூழலை அமைக்கும் நெறி இருவகைப்படும். இன்னது செய், பின் இன்னது செய் என ஒன்றன்பின் ஒன்றாகப் பணிப்பது ஏவல் நெறி. முடிந்த நிலை இவ்வாறு இருத்தல் வேண்டும் என உரைத்து, அதனை எய்தும் வழியைக் கருவியிடமே விடுவது கிளத்தல் நெறி. கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர் என்பது ஏவல். அதனை மும்முறை இயக்கின் அவ்வரி மும்முறை சேரும். அவ்வரி அக்கோப்பில் உளது என்பது கிளத்தல். எத்துணை முறை இயக்கினும் விளைவு ஒன்றே. இலக்கணத்தில் ஏவல் வினையைப் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும்.

கிளத்தல் நெறியை மென்பொருளை நிறுவுதலில் முழுமையாகப் புகுத்தியவருள் தலையாயவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ஈல்கோ டோல்ஸ்ட்ரா. 2003 இல் அவர் தொடங்கிய நிக்ஸ் என்னும் கருவியின் கொள்கைகளை 2006 ஆம் ஆண்டின் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் விரித்துரைத்தார். அதன் நுட்பம் இது: ஒவ்வொரு மென்பொருளும் நிக்ஸ் களஞ்சியத்தில் தனித்தனி அடைவில் வைக்கப்படும். அவ்வடைவின் பெயர் 32 எழுத்துகளாலான ஒரு சுருக்கக் குறியோடு தொடங்கும். மூலநிரல், தொகுப்பி, சார்ந்த நூலகங்கள், தெரிவுகள் ஆகியவற்றினின்றும் அக்குறி கணிக்கப்படுவதால், இவற்றுள் ஒன்று மாறினும் குறி மாறும். புதியது வேறோர் அடைவிற் சேரும். பழையது அழிவதில்லை. ஒரே மென்பொருளின் இரு பதிப்புகள் தம்முள் முரணாது வாழ்வது இதனாலேயாம்.

இவ்வடிப்படைமேல் எழுந்தது ஹோம் மானேஜர். வேண்டிய செயலிகள், ஷெல்லின் குறுக்கப் பெயர்கள், முகத்திரையின் அமைவுகள் யாவும் நிக்ஸ் மொழியில் ஓர் உரையாக எழுதப்படும். ஓர் ஆணையிட்டதும் கருவி அவ்வுரையினின்றும் கோப்புகளை ஆக்கிக் களஞ்சியத்தில் இட்டு, இல்ல அடைவிலிருந்து அவற்றுக்கு இணைப்புகளை அமைக்கும். அவ்விடத்தே பயனர் கையால் எழுதிய கோப்பு முன்னரே இருப்பின், அதனை அழிக்காது நின்றுவிடும்; இது பாராட்டத்தக்க அடக்கம். ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறையாக எண்ணிடப்படுவதால், பிழை நேரின் முந்திய தலைமுறைக்கு மீளலாம். உள்ளீடுகளின் பதிப்புகளைப் பூட்டுக் கோப்பொன்றிற் குறித்துவைப்பின், அதே சூழலை வேறொரு கணினியிலும் எழுப்பலாம். புள்ளிக் கோப்புகளை வெறுமனே படியெடுத்துச் செல்வோர்க்கு இப்பயன் கிட்டாது. கோப்புகள் செல்லும், அவற்றைப் படிக்கும் செயலிகள் உடன் செல்லா.

2012 இல் அறிவிக்கப்பட்ட குனு கீக்ஸ் இதே கொள்கையை ஸ்கீம் மொழிவழி நிறைவேற்றுகின்றது. நிக்ஸுக்கெனத் தனிமொழி கற்க வேண்டியிருத்தலை ஒரு குறையென எண்ணுவோர்க்கு அது பொருந்தலாம். எனினும் அதுவும் ஒரு மொழியே.

இந்நெறிக்கு வரம்புகளும் உள. களஞ்சியத்துக் கோப்புகள் படிக்கத்தக்கன, எழுதத்தக்கன அல்ல. ஆகவே, தன் அமைவுகளைத் தானே எழுதிக்கொள்ள முனையும் செயலி இடறும். பழைய தலைமுறைகள் தாமே நீங்காவாதலின் வன்தட்டு நிரம்பும்; அவ்வப்போது கழித்தல் வேண்டும். தலைமுறை மீளினும் பயனரின் கடிதங்களும் ஆவணங்களும் உடன் மீளா. அவற்றுக்குக் காப்புப்படி தனியே வேண்டும். இவை அனைத்தினும் கவனிக்கற்பாலது ஒன்று: களஞ்சியத்தை அக்கணினியின் பயனர் எவரும் படிக்கலாம். ஆதலின் கடவுச்சொற்களை அமைவுரையில் எழுதலாகாது. அவற்றை மறையீடு செய்து, இயங்கும் வேளையிற் களஞ்சியத்துக்குப் புறத்தே திறக்கும் துணைக்கருவிகளை நாடல் வேண்டும்.