ஸபா அரசியின் கேக்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், உம்மா ஓடருக்குச் செய்து கொடுத்த கேக் ஒன்று எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. "நடுவுல வேகல்ல, பச்ச மா மாதிரி இருக்கு" என்று ஓடர் தந்தவர் சொன்னார். உம்மா மறுபேச்சுப் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் டியூஷன் வகுப்புக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணம் அது. அந்தக் கேக்கைச் செய்து பார்ப்போம் என்று உம்மாவைத் தூண்டியவளும் நான்தான். "இனி இந்தப் பிரெஞ்சு கேக் வேணாம் மகள். எங்களுக்கு பட்டர் கேக்கும் லவ் கேக்கும் போதும்" என்றார் உம்மா.

கேக் உண்மையிலேயே வேகவில்லையா, அல்லது அதன் இயல்பே அப்படியா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தேடிப் படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சொக்லேட்டும் பாதாமும் சேர்ந்த இந்தக் கேக்குக்குப் பிரெஞ்சு மொழியில் 'ரேன் த ஸபா' என்று பெயர். ஸபா நாட்டு அரசி என்பது பொருள். இந்த அரசியை நமக்கு நன்றாகத் தெரியும். திருக்குர்ஆனின் 27ஆவது அத்தியாயமான ஸூரத்துந் நம்லில், ஹுத்ஹுத் பறவை நபி ஸுலைமான் (அலை) அவர்களிடம் செய்தி கொண்டுவருவது இவரது நாட்டிலிருந்துதான். பல்கீஸ் என்ற பெயர் குர்ஆனில் இல்லை. விளக்கவுரைகள் வழியாக வந்தது.

இந்தக் கேக்கை ஆங்கில வாசகர்களிடையே பரப்பிய நூல்களில் முக்கியமானது, 1961இல் ஜூலியா சைல்ட் இரண்டு பிரெஞ்சுப் பெண்மணிகளோடு சேர்ந்து வெளியிட்ட பெரிய சமையல் நூல். இந்த அமெரிக்கப் பெண்மணி இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நமது கண்டியில் இருந்த அமெரிக்க உளவுத்துறை அலுவலகத்தில் வேலை செய்தவர். பிற்காலத்தில் தன்னைப் பாரிஸுக்கு அழைத்துச் சென்ற கணவரையும் இலங்கையில்தான் சந்தித்தார்.

அந்த நூலின் செய்முறையில் ரம் அல்லது கோப்பி சேர்க்கலாம் என்றே இருக்கிறது. எனவே நாம் கோப்பியை எடுத்துக்கொள்ளலாம். அடுப்பில் வைத்தால் மதுசாரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல; ஒரு பகுதி தங்கிவிடும். வனிலா எசன்ஸ் வாங்கும்போதும் போத்தலில் உள்ள சேர்மானங்களையும் ஹலால் இலச்சினையையும் பாருங்கள்.

எட்டு அங்குல வட்டத் தட்டுக்கு நாங்கள் எடுக்கும் அளவு: கறுப்புச் சொக்லேட் 115 கிராம், கடுங்கோப்பி 2 மேசைக்கரண்டி, பட்டர் 115 கிராம், சீனி 125 கிராம், முட்டை 3, தூளாக்கிய பாதாம் 50 கிராம், கோதுமை மா 60 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பாதாம் விலை கட்டுப்படியாகாவிட்டால் கஜு போதும். சுவை சற்று மாறும், கேக் கெடாது. எதை அரைத்தாலும் சீனியில் இரண்டு கரண்டி சேர்த்து, விட்டு விட்டு அரையுங்கள். பாதாமில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். தொடர்ந்து அரைத்தால் தூளுக்குப் பதில் களி கிடைக்கும்.

முதலில் சொக்லேட்டைக் கோப்பியோடு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்க வேண்டும். பட்டரையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, மஞ்சள் கருக்களைச் சேர்த்து, பின் சொக்லேட், பாதாம் என்று கலக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளைக்கரு. இந்தக் கேக்கில் பேக்கிங் பவுடர் இல்லை. அதை உயர்த்துவது வெள்ளைக்கருவுக்குள் நாம் அடித்து ஏற்றும் காற்று மட்டுமே. அடிக்கும்போது வெள்ளைக்கருவின் புரதங்கள் விரிந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி வலைபோல் பின்னிக்கொள்கின்றன. கொஞ்சம் மஞ்சள் கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் அந்த வலை சரியாகப் பின்னாது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் போகாது. கண்ணாடி அல்லது எவர்சில்வர் நல்லது. உப்புச் சிட்டிகையோடு அடித்த நுரையில் கால்பங்கைச் சொக்லேட் கலவையில் போட்டு இளக்கிக்கொண்டு, மீதி நுரையையும் மாவையும் மாறி மாறிச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மெதுவாகப் புரட்டுங்கள். வட்டிலப்பத்துக்கு அடிப்பதுபோல் அடித்தால் காற்றெல்லாம் போய்விடும்.

ஓவனை முன்கூட்டியே 180 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, 25 நிமிடம் வையுங்கள். ஓவன் இல்லாதவர்கள் பெரிய சட்டியில் ஓர் அங்குலத்துக்கு மணல் பரப்பி, மூடிச் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கி வைத்துச் செய்யலாம். நேரம் கூடுதலாக எடுக்கும்.

இனித்தான் முக்கியமான இடம். ஓரத்திலிருந்து இரண்டரை அங்குலம்வரை ஈர்க்குக் குத்தினால் சுத்தமாக வர வேண்டும். நடுப்பகுதி, தட்டை அசைத்தால் லேசாக ஆட வேண்டும். அங்கே ஈர்க்குப் பிசுபிசுப்பாகத்தான் வரும். அது சுத்தமாக வரும்வரை வைத்தால் கேக் வரண்டுவிடும். அப்படியானால் பச்சை முட்டைக்குப் பயப்பட வேண்டாமா? முட்டை சேர்ந்த உணவின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸை எட்டினால் பாதுகாப்பானது. இரண்டாம் முறை செய்தபோது, சமையல் வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கி நடுவில் குத்திப் பார்த்தேன். 71ஐத் தாண்டியிருந்தது. கேக் வெந்திருந்தது, ஆனால் மென்மையாக இருந்தது.

பிறகு ஏன் முதல் கேக் களியாக இருந்தது? காரணம் நேரம். சொக்லேட்டில் உள்ள கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகையில் உருகுகிறது. நம் உடல் வெப்பம் 37 என்பதால்தான் சொக்லேட் வாயில் கரைகிறது. அதே காரணத்தால் சூடான கேக்கின் நடுப்பகுதி இறுகாது. இரண்டு மணித்தியாலமாவது ஆற வேண்டும். நாங்கள் ஓவனிலிருந்து எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுத்து அனுப்பியிருந்தோம். ஆகவே ஓடர் தந்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊவாவுக்கு ஒரு குறிப்பு. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரம். இங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அங்கே தண்ணீர் சுமார் 96 பாகையிலேயே கொதிப்பதால் கேக்கின் ஈரம் விரைவாகப் போகும். 22ஆவது நிமிடத்திலேயே சோதியுங்கள். குளிரில் உருக்கிய சொக்லேட்டும் சீக்கிரம் இறுகும், உடனே கலந்துவிடுங்கள்.

இரண்டாவது கேக்கை மூன்று மணித்தியாலம் ஆறவிட்டு வெட்டி, உம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். "லவ் கேக்கும் உள்ள ஈரமாத்தானே இருக்கும், அத யாரும் திருப்பித் தாறல்லயே உம்மா" என்றேன். உம்மா யோசித்தார். "அது எல்லாருக்கும் தெரிஞ்ச கேக். இத நாங்கதான் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார்.

ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகைத் தரையைப் பார்த்து ஸபா அரசி தண்ணீர் என்றே நினைத்தார். அது பளிங்கு என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்தக் கேக்குக்கு ஓடர் வந்தால் பெட்டிக்குள் என் கையெழுத்தில் ஒரு சிறு துண்டுக் கடிதமும் போகிறது: "நடுப்பகுதி மென்மையாக இருக்கும். அதுவே இதன் பக்குவம்." இதுவரை எந்தப் பெட்டியும் திரும்பி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.