விடையைச் சொல்லாதீங்க, அம்மா!

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி பெரிய மார்க்கெட். ஒரு பக்கம் மல்லிகைப்பூ மணம், இன்னொரு பக்கம் கருவாட்டு வாசனை. அம்மா தேங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். எட்டு வயதுப் பையன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறான்.

“அம்மா, போர் அடிக்குதும்மா... போன் குடும்மா!”

இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசா என்ன? ‘அஞ்சு நிமிஷம்தான்’ என்று கொடுத்த போன், வீட்டுக்கு வந்த பிறகும் கைக்குத் திரும்பாது. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் திரையைப் பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. சரி, போனைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதுமா? பதிலுக்கு எதைக் கொடுப்பது?

ஒரே ஒரு தாள் போதும்!

‘எஸ்கேப் கேம்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பூட்டிய அறையிலிருந்து புதிர்களை விடுவித்து வெளியே வரும் விளையாட்டு. 2007-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் டக்காவோ காட்டோ என்பவர் இதை நிஜ அறையில் நடத்திக் காட்ட, பிறகு உலகமெங்கும் பரவியது. இப்போது இதையே தாளில் அச்சிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு புதிரின் விடை ஓர் எண். எல்லா எண்களும் சேர்ந்தால் பூட்டு திறக்கும்.

நமக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கும் கணக்கை நம் பாட்டிமார்கள் போடாததா? மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து ஆடும் ஆடு புலி ஆட்டத்திலும் அடுத்தவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே யோசித்தால்தான் தப்பிக்க முடியும்.

நீங்களே தயாரிக்கலாம்

கடைக்குப் போக வேண்டியதில்லை. பெரிய மார்க்கெட்டையே ஒரு தாளில் கொண்டுவந்துவிடலாம். எழுதி, நாலு பிரதி ஜெராக்ஸ் எடுத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆடலாம். கதை இதுதான்: மார்க்கெட் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று பூட்டுகளையும் திறந்தால்தான் வெளியே வரலாம்.

முதல் பூட்டு: வரிசையாக நாலு கடைகள் – பூ, பழம், தேங்காய், மளிகை. இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண்.
• பூக்கடை எந்த ஓரத்திலும் இல்லை.
• பூக்கடைக்கு வலது பக்கம் ஒட்டினாற்போல் தேங்காய்க்கடை.
• மளிகைக்கடை முதல் கடை இல்லை.
• பழக்கடையும் பூக்கடையும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை.
பூக்கடையின் எண் என்ன?

இரண்டாம் பூட்டு: கையில் நூறு ரூபாய். முழம் 20 ரூபாய் வீதம் இரண்டு முழம் பூ, 35 ரூபாய்க்கு ஒரு தேங்காய். மீதியை ஐந்து ரூபாய் நாணயமாகவே கொடுத்தால் எத்தனை நாணயம்?

மூன்றாம் பூட்டு: கடைக் கண்ணாடியில் மணிக்கூண்டு தெரிகிறது. எண்கள் இல்லை, முள் மட்டும்தான். கண்ணாடியில் பார்த்தால் சரியாக எட்டு மணி. நிஜத்தில் மணி எத்தனை?

கடைசியில் ஒரு சாவிக் கட்டம் எழுதுங்கள்: 1–ப, 2–டி, 3–மு, 4–ம், 5–ற, 6–கு. மூன்று விடைகளையும் வரிசையாக எழுத்தாக்கினால், வீட்டில் இருக்கும் ஒரு பொருளின் பெயர் வரும். அதற்கு அடியில் இரண்டு கடலை மிட்டாயை ஒளித்து வையுங்கள்!

இந்தக் கட்டத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. விடை தப்பானால் அர்த்தமில்லாத சொல் வரும். ‘தப்பு’ என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. குழந்தையே கண்டுபிடித்து, குழந்தையே திருத்திக்கொள்ளும். திட்டு இல்லை, சிவப்பு மை இல்லை.

எந்த வயதுக்கு எப்படி?

ஏழு வயது முதல் பதினொன்று வரை பிள்ளைகள் கண்ணால் பார்த்து, கையால் தொட்ட பொருளை வைத்தே நன்றாக யோசிப்பார்கள் என்று விளக்கியவர், சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே. ஆகவே நாலு கடைகளையும் துண்டுக் காகிதத்தில் வரைந்து கொடுங்கள். நகர்த்தி நகர்த்திப் பார்க்கட்டும். நிஜக் காசைக் கொடுங்கள். நிஜக் கண்ணாடியைக் காட்டுங்கள். ஆறு வயதுக்குக் குறிப்பை நீங்களே படித்துச் சொல்லலாம். மூன்று கடைகளே போதும். பத்து வயது என்றால் ஐந்து கடைகள் வையுங்கள்.

வாயைத் திறக்காதீர்கள்!

கஷ்டமான வேலை குழந்தைக்கு இல்லை, நமக்குத்தான். இரண்டு நிமிடம் குழந்தை முழித்தால் நமக்குப் பொறுக்காது. “இங்க பாரு, பழக்கடை முதல்ல... இதுகூடத் தெரியலையா?” என்று சொல்லிவிடுவோம். அதோடு விளையாட்டு முடிந்தது. தெரியாத ஒன்றோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பழக்கம்தான் இதில் கிடைக்கிற லாபம். விடையை நாம் சொன்ன நிமிஷத்தில் அது போய்விடுகிறது.

விடைக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: “இதுவரைக்கும் என்ன தெரியும்?” “எது நிச்சயமா இல்லை?” “எந்தக் குறிப்பை இன்னும் பார்க்கலை?” அழுகை வந்தால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். நாளைக்கும் அது அங்கேதான் இருக்கும்.

“இதனால் கணக்கில் நூற்றுக்கு நூறு வருமா?” என்று கேட்கிறீர்களா? அப்படி வாக்குறுதி தர முடியாது. 2010-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 11,430 பெரியவர்கள் ஆறு வாரம் கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி செய்தார்கள். பழகிய பயிற்சியில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். மற்ற திறமைகள் அதனால் வளர்ந்ததாகத் தெரியவில்லை. ஆகவே ‘மூளையை வளர்க்கும்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஆனால் அம்மாவுக்கு இன்னொரு லாபம் உண்டு. குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. நீங்கள் படித்துச் சொன்னால் சட்டென்று விடை சொல்கிற பிள்ளை, தானே படிக்கும்போது மட்டும் திணறுகிறதா? தாளைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோகிறதா? ‘சோம்பேறி’ என்று திட்டுவதற்கு முன்னால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணில் குறை இல்லை, எட்டு வயதுக்கு மேலும் திணறல் தொடர்கிறது என்றால் வகுப்பு ஆசிரியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தமில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் தகுந்த பயிற்சியால் பிள்ளை நன்றாக முன்னேறும். ஒரு தாளை வைத்து நாமே முடிவு கட்டிவிடவும் கூடாது.

அடுத்த ஞாயிறு பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் போன் வேண்டாம். ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் கொடுத்து, “அடுத்த புதிரை நீ போடு, நான் கண்டுபிடிக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். உங்களை எப்படி மாட்டிவிடலாம் என்று யோசிக்கிற பிள்ளைக்கு போர் அடிக்கவே அடிக்காது!

(விடை: பழம், மளிகை, பூ, தேங்காய் என்பதே கடைகளின் வரிசை, ஆகவே பூக்கடை 3. மீதி 25 ரூபாய், நாணயம் 5. நிஜ மணி 4. மு–ற–ம்... முறத்துக்கு அடியில் பாருங்கள்!)