விதைப் பையில் இருக்கும் ஊர்ப் பெயர்கள்!

கோ, ஏ.டி.டி, டி.ஆர்.ஒய், பி.கே.எம்... விதை வாங்கப் போகும் விவசாயிகள் அன்றாடம் சொல்லும் இந்த எழுத்துகள் எல்லாம் ஊர்ப் பெயர்களின் சுருக்கம். 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் 50 ஆண்டுகளை நிறைவு செய்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் இந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

சைதாப்பேட்டை டு கோயம்புத்தூர்

1868-ம் ஆண்டு சென்னை, சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது இந்த நிறுவனம். 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1971-ல் தனிப் பல்கலைக்கழகமானது.

கோயம்புத்தூரில் செழிக்கும் ரகம் தஞ்சாவூர் வயலிலும் செழிக்கும் என்று சொல்ல முடியாது. மண், தண்ணீர், பட்டம் எல்லாமே மாறும். அதனால்தான் பல ஊர்களில் ஆராய்ச்சி நிலையங்கள் இயங்குகின்றன. கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.டி.டி ஆடுதுறை, ஏ.எஸ்.டி அம்பாசமுத்திரம், டி.எம்.வி திண்டிவனம், வி.ஆர்.ஐ விருத்தாசலம், வி.பி.என் வம்பன், பி.எஸ்.ஆர் பவானிசாகர்.

டி.ஆர்.ஒய் என்பது திருச்சி. அங்கே உருவான டி.ஆர்.ஒய்-3 நெல், களர் நிலத்தைத் தாங்கக்கூடியது. அப்படிப்பட்ட நிலத்தில் ஏதோ ஒரு ரகத்தை நட்டால், நாற்று கருகி, போட்ட முதலும் போய்விடும். பி.கே.எம் என்பது பெரியகுளம். குச்சி நட்டு வளர்க்கும் மரமுருங்கைக்கு மாற்றாக, விதை போட்டு சுமார் ஆறு மாதத்தில் காய் பறிக்கும் செடிமுருங்கை பரவியதற்கு பி.கே.எம்-1 ரகமே முக்கியக் காரணம்.

கடல் கடந்த நெல்

இந்த ரகங்களுக்கு மூலதனம், விவசாயிகள் காப்பாற்றி வைத்திருந்த பாரம்பர்ய விதைகள்தான். கோணாமணி என்ற நாட்டு ரகத்திலிருந்து கோயம்புத்தூரில் தேர்வு செய்யப்பட்டது ஜி.இ.பி-24. அதையும் கோ-18 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து வந்தது டி.கே.எம்-6. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் இந்த நெல், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐ.ஆர்-20 ரகத்துக்குப் பெற்றோர்களில் ஒன்றானது. ஐ.ஆர்-20 திரும்பவும் தமிழக வயல்களுக்கே வந்து சேர்ந்தது.

விதை வாங்கும்போது...

* ரகத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்காமல், எந்த மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு ஏற்றது என்பதை அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

* சான்று விதைக்கு நீல நிற அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை நிற அட்டை இருக்கும். காலாவதி தேதியையும் பார்க்க வேண்டும்.

* கரும்பில் வரும் 'கோ', பல்கலைக்கழக ரகம் அல்ல. கோ-86032 போன்றவை கோயம்புத்தூரிலேயே உள்ள மத்திய அரசின் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் ரகங்கள்.

பொன்விழா கண்ட பல்கலைக்கழகம், விவசாயிகளுக்குத் தூரத்தில் இல்லை. அதன் முகவரி விதைப் பையிலேயே இருக்கிறது.